மிஸ்டர் லெதரும் பன்னிரண்டு வார்த்தைகளும்

பன்னிரண்டு இங்கிலீஷ் வார்த்தைகளைச் சொன்னதால் என் நிக்காஹ் முறிந்துவிட்டது என்று மூன்று நாள் நம்பியவன் நான். யாரும் என்னை ஏமாற்றவில்லை. நானே யோசித்தேன், நானே தீர்ப்புச் சொன்னேன், நானே நடுங்கினேன். அந்த மூன்று நாளும் என் சொந்த வீட்டு வாசலில் நின்று, அடுத்த வீட்டுக்காரனைப் போல இருமிவிட்டுத்தான் உள்ளே போனேன். கட்டிய மனைவியை ‘நீங்க’ என்று கூப்பிட்டேன். அவள் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று சுவரில் மாட்டியிருந்த முறத்தைப் பார்த்துப் பேசினேன். அந்த முறத்தின் வலது ஓரத்தில் ஒரு பொத்தல் இருந்தது. இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்தப் பொத்தல் தெரிகிறது.

ஆம்பூரில் என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். எனக்கு இப்போது ஐம்பதை நெருங்கும் வயது. ஊரில் எனக்கிருக்கும் பெயர் விளையாட்டுக்காரன். தோல் ஷெட்டில் புதிதாக யார் வேலைக்கு வந்தாலும், ஒரு பச்சைத் தோலை எடுத்து மூக்கருகே நீட்டி, “இது கெடாவா பொட்டையான்னு மோந்து பாத்துச் சொல்லணும், அதான் இங்க பரீட்சை” என்பேன். அவன் கண்ணில் நீர் வரும்வரை முகர்ந்து, ஏதாவது ஒன்றைச் சொல்வான். எதைச் சொன்னாலும் தப்பு என்பேன். இப்படி ஊரையே பயமுறுத்தியவன், தேவதைப் படம் போட்ட ஓர் அட்டைக்குப் பயந்து மூன்று நாள் ஒடுங்கிக் கிடந்தேன் என்றால் யார் நம்புவார்கள்?

ஜெர்மன் சண்டை முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஷெட்டில் எனக்குத் தரம் பிரிக்கும் வேலை. ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறிப் பதமாகி, காய்ந்து வரும் தோலை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, முதல் ரகம், இரண்டாம் ரகம், கழிவு என்று அடுக்க வேண்டும். மாதம் ஒரு முறை சென்னைக் கம்பெனியிலிருந்து ஒரு துரை வந்து அந்த அடுக்குகளைப் பார்ப்பார். எனக்கு அப்போது தெரிந்த இங்கிலீஷ் நாலே வார்த்தை: பண்டில், டேமேஜ், ரிஜக்ட், சார். இந்த நாலைத் திருப்பித் திருப்பிப் போட்டே பத்து வருஷம் ஓட்டியிருந்தேன்.

ஒரு முறை துரை ஒரு தோலைத் தூக்கிப் பிடித்து, என்னைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னார். பாராட்டுகிறார் என்று நினைத்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். சலாம்கூட வைத்தேன். துரை போன பிறகு, கூட வந்த குமாஸ்தா விஷயத்தை முதலாளி காதில் போட்டிருக்கிறார். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

“இன்னா பாய், நம்ம சரக்க நாய்கூட கவ்வாதுன்னு அந்த ஆளு சொல்லிட்டுப் போறான். நீ ஈன்னு இளிச்சிக்கினு சலாம் வெக்கிற?”

“நல்லாக்குதுன்னு சொல்றாருன்னு நெனச்சேன் முதலாளி.”

“நெனச்சியா? மிஷன் பங்களால பெரியவங்களுக்கு வெள்ளிக்கெழம இங்கிலீஷ் சொல்லிக் குடுக்குறாங்களாம். நமக்கும் அன்னிக்கு லீவுதான். போய்க் கத்துக்கோ. அடுத்த தபா அவன் திட்டுனா, திட்டுறான்னு தெரிஞ்சிக்கவாச்சும் திட்டு.”

கடைசி வார்த்தை அவருக்கே குழம்பிப்போய்விட்டது. ஆனால் எனக்குப் புரிந்தது.

அப்படித்தான் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையை முடித்துக்கொண்டு, அதே வெள்ளை ஜிப்பாவோடும் தொப்பியோடும், ரயில் ஸ்டேஷனுக்கு அப்பால் இருந்த மிஷன் பங்களாவுக்குப் போனேன். சொல்லிக்கொடுப்பவர் ஒரு துரைசானி. வேலூரிலிருந்து வாரம் இரண்டு நாள் ரயிலில் வருவார். வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருக்கும். பார்த்ததும் எனக்கு இரண்டாம் ரகம் என்று தோன்றும், அடக்கிக்கொள்வேன். தமிழ் எங்களைவிடச் சுத்தமாகப் பேசுவார். ஆனால் வகுப்புக்குள் தமிழ் கிடையாது. வாசற்படியைத் தாண்டியதும் இங்கிலீஷ்தான்.

நாங்கள் மூன்றே பேர். தபாலாபீஸ் சேவகர் ஒருவர், ரொட்டிக்கடைக்காரர் ஒருவர், நான். எங்கள் பெயர்கள் துரைசானியின் வாயில் சரியாக உட்காரவில்லை. வார்த்தையும் பழகின மாதிரி ஆகட்டும் என்று தொழிலையே பெயராக வைத்துவிட்டார். அவர் மிஸ்டர் போஸ்ட், இவர் மிஸ்டர் பிரெட், நான் மிஸ்டர் லெதர். எங்களுக்கும் அது பிடித்திருந்தது. கடைத்தெருவில் பார்த்துக்கொண்டால் மூன்று பேரும் தொப்பியைத் தொட்டு ‘மிஸ்டர்’ போட்டுக்கொள்வோம். மிஸ்டர் போஸ்ட்டுக்குத் தொப்பி இல்லை, நெற்றியைத் தொடுவார்.

பாடம் முழுக்க அட்டைகள்தான். ஒரு பக்கம் படம், மறுபக்கம் வெறுமை. வாரம் ஒரு வீட்டு வார்த்தை என்றால் கூடவே ஒரு வேத வார்த்தை. சேர், பிறகு காட். லேம்ப், பிறகு பிரேயர். வீட்டு வார்த்தை சுலபம். நாற்காலிப் படத்தைக் காட்டுவார், பிறகு நிஜ நாற்காலியைத் தட்டுவார், நாங்களும் போய்த் தட்டிவிட்டு வருவோம். கதவைத் தொட்டோம், விளக்கைத் தொட்டோம், துண்டைத் தொட்டோம். தொட்டதெல்லாம் மண்டையில் தங்கியது. வேத வார்த்தைதான் தகராறு. சொர்க்கத்தை எங்கே போய்த் தொடுவது? ஹெவன் என்று துரைசானி மேலே கை காட்டினார். மிஸ்டர் பிரெட் எழுந்து, பெஞ்சின் மேல் ஏறி, உத்தரத்தைத் தொட்டுவிட்டு இறங்கினார். ரொம்ப நாள் வரைக்கும் அவர் கடையில் உத்தரத்துக்கு ஹெவன் என்றுதான் பெயர். சுண்ணாம்பு அடிக்க வந்தவனிடம் ஹெவனுக்கு இரண்டு பூச்சு என்று சொல்லியிருக்கிறார்.

பாவத்துக்கு ஓர் இதயத்தின் படம் காட்டினார். சிவப்பு இதயம், நடுவில் கறுப்புக் கறை. பத்து வருஷமாகக் கறை தேடியே பழகிய கண். என் வாய் முந்திக்கொண்டது:

“ரிஜக்ட்!”

துரைசானி முகமெல்லாம் மலர்ந்து கைதட்டினார். பாவத்தை ஒதுக்கித் தள்ள வேண்டும் என்று நான் பெரிய தத்துவம் சொல்லிவிட்டதாக அவருக்கு நினைப்பு. நான் சொன்னது சரக்கின் தரம். அன்றிலிருந்து வகுப்பில் நான்தான் கெட்டிக்காரன். அந்தப் பெருமைதான் என்னைக் குழியில் தள்ளியது.

ஆறாவது வேத வார்த்தை ‘பிலீவ்’. படத்தில் ஒரு மனிதர் நெஞ்சில் கை வைத்துக் கண்ணை மூடி நிற்பார். அர்த்தம் இன்னதென்று எனக்குப் பிடிபடவில்லை. நெஞ்செரிச்சலாக இருக்கும் என்று நினைத்தேன். கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கிவிட்டுக் கேட்பதற்கு வெட்கம், கேட்கவில்லை.

அந்தப் பாடம் முடிந்த வெள்ளிக்கிழமை, படித்தது வரைக்கும் ஒப்பிக்க வேண்டும் என்றார். ஒருவர் நடுவில் நின்று சொல்ல, மற்ற இரண்டு பேரும் இரண்டு பக்கமும் நின்று தப்பைப் பிடிக்க வேண்டும். முதலில் கெட்டிக்காரன் வரட்டும் என்று என்னைக் கூப்பிட்டார். நடு வெயில் நேரம். ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டி. வெளியே ஒரு ஆள் செம்பு செம்பாக அதன்மேல் தண்ணீர் வீசிக்கொண்டிருந்தான். நான் காற்றுக்காக அந்த ஜன்னலை ஒட்டி நின்றேன்.

சேர், லேம்ப், டவல், டோர், வாட்டர், ஹேண்ட். ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டினேன். காட், பிரேயர், சின், ஹெவன், ஏஞ்சல். கடைசியாக, படத்தில் இருந்தவரைப் போலவே நெஞ்சில் கை வைத்து, கண்ணை மூடி, துரைசானி சொல்லிக்கொடுத்த வாக்கியத்தைச் சொன்னேன்:

“ஐ பிலீவ் இன் காட்.”

சொல்லி வாயை மூடவில்லை. தட்டியைத் தாண்டி ஒரு செம்புத் தண்ணீர் அப்படியே என் தலையில் வந்து விழுந்தது. தொப்பி நனைந்து, தாடி சொட்டியது.

“டவல்!” என்று மிஸ்டர் போஸ்ட்டும் மிஸ்டர் பிரெட்டும் ஒரே குரலில் கத்தினார்கள். படித்த படிப்பு வீண் போகவில்லை என்று துரைசானிக்கு அவ்வளவு சந்தோஷம். துண்டைக் கொடுத்தார், கை குலுக்கினார், ஒரு பெரிய நோட்டுப் புத்தகத்தைத் திறந்து ஏதோ எழுதினார். பிறகு ஒரு சின்ன அட்டையை எடுத்து அதன் பின்புறம் கூட்டெழுத்தில் நாலைந்து வரி எழுதி என்னிடம் கொடுத்தார். முன்புறம் ஒரு தேவதை: பொன் நிறக் கூந்தல், வெள்ளை இறக்கை. அட்டையை ஜிப்பாப் பையில் வைத்துக்கொண்டு, பரீட்சையில் ஜெயித்த மிதப்பில் விசிலடித்துக்கொண்டே அசர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்கு வந்தேன்.

ஹவுள் தொட்டி ஓரம் உட்கார்ந்து ஒளு செய்தேன். கை, வாய், முகம். ஈரக் கையைத் தலைமேல் வைத்தேன். வைத்த கை வைத்தபடியே நின்றுவிட்டது.

இதே பள்ளிவாசலில் அதற்கு முந்தின வருஷம் சித்தூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் எங்கள் மார்க்கத்துக்கு வந்தார். முதலில் அவரைக் குளிக்கச் சொன்னார்கள். பிறகு தொழுகை நடத்தும் ஹஜ்ரத் சொல்லச் சொல்ல அவர் உறுதிமொழியான கலிமாவைச் சொன்னார். இரண்டு பேர் சாட்சியாகப் பக்கத்தில் நின்றார்கள். அதில் ஒருவன் நான். புத்தகத்தில் எழுதினார்கள். புதுப் பெயர் வைத்தார்கள். எல்லாரும் கை கொடுத்தார்கள். முடிந்தது.

இப்போது என் கணக்கைப் பாருங்கள். தண்ணீர்: தலையிலேயே விழுந்தது. வாக்கியம்: நெஞ்சில் கை வைத்துச் சொன்னேன். சாட்சி: பக்கத்துக்கு ஒருவராக இரண்டு. புத்தகம்: எழுதியாகிவிட்டது. கை கொடுத்தாகிவிட்டது. பெயர்?

மிஸ்டர் லெதர்.

ஒளுவைப் பாதியில் விட்டு எழுந்தேன். தொழுகைக்கு உள்ளே போகத் துணிவு வரவில்லை. செருப்பு விடும் இடத்திலேயே நின்றேன். அங்கே நின்றபோதுதான் அடுத்த இடி விழுந்தது. மார்க்கத்தை விட்டுப் போனவனுக்கு நிக்காஹும் போய்விடும் என்று எப்போதோ ஒரு பயான் பிரசங்கத்தில் கேட்டிருந்தேன். பாதி தூக்கத்தில் கேட்டது. ஆனால் கேட்டது கேட்டதுதான். அப்படியானால் வீட்டில் மாவு பிசைந்துகொண்டிருக்கும் என் மனைவி, இந்த நேரத்திலிருந்து எனக்கு அந்நியப் பெண். நான் அவளுக்கு மிஸ்டர் லெதர்.

நேராக வீட்டுக்குப் போய் வாசலில் இருமினேன்.

“யாரு?” உள்ளேயிருந்து மனைவியின் குரல்.

“நான்தான்.”

“நீங்கன்னா உள்ள வர வேண்டியதுதான? இன்னாத்துக்கு இருமல்?”

“நீங்க கொஞ்சம் அப்பால போனீங்கன்னா நான் அப்படியே ஓரமா வந்துடுவேன்.”

பிறகு அவளே வெளியே வந்து நின்றாள். நான் முறத்தைப் பார்த்தேன்.

“இன்னாது, நீங்களா? யார நீங்கன்றீங்க?”

“உங்களத்தான்.”

“வெயில்ல சுத்திட்டு வந்தீங்களா?” என்று நெற்றியில் கை வைக்க வந்தாள். நான் குதித்துப் பின்வாங்கி அம்மிக்கல்லில் இடித்துக்கொண்டேன். அவள் கை அந்தரத்திலேயே நின்றது. கையில் கம்பளி நூல் சுற்றியிருந்தது. செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் தெருப் பெண்களுக்குப் பின்னல் சொல்லிக்கொடுக்க மிஷனிலிருந்து ஓர் அம்மா வருவார். அந்தப் பழக்கத்தில் என் மனைவி கம்பளிக் குல்லாய்களாகப் பின்னித் தள்ளிக்கொண்டிருந்தாள். ஆம்பூர் வெயிலுக்குக் கம்பளிக் குல்லாய். அதுவரை நான் அதைக் கேலி செய்யாத நாள் கிடையாது. அன்றைக்குக் கேலியே வரவில்லை.

சாப்பாட்டைத் திரைக்குக் கீழே தள்ளச் சொன்னேன். கட்டிலைத் தூக்கி வாசலில் போட்டுக்கொண்டு, புழுக்கம் என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. என் மனைவி ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அது நல்ல சகுனம் அல்ல என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. என் பயத்தையே கவனிக்க எனக்கு நேரம் போதவில்லை.

சனிக்கிழமை ஷெட்டில் என் தோஸ்திடம் மெல்லக் கேட்டேன். அவன் கிறிஸ்தவன், என்னோடு தோல் அடுக்குபவன். அவன் வேலைக்குச் சேர்ந்த அன்று கெடாவா பொட்டையா என்று அவனை முகர வைத்ததை அவன் மறந்திருக்கமாட்டான் என்பதை நான் மறந்துவிட்டேன்.

“தோஸ்த், சும்மா கேக்கறேன். உங்காளுங்கள்ல ஒருத்தர் புதுசா சேரணும்னா இன்னா செய்வாங்க?”

அவன் என் முகத்தைப் பார்த்தான். “யாருக்கு பாய்?”

“சொந்தக்காரன் ஒருத்தனுக்கு.”

“அந்தச் சொந்தக்காரன் தலைல தண்ணி பட்டுச்சா?”

“பட்டுச்சு.”

“காட்னு சொன்னானா?”

“சொன்னான்.”

“பக்கத்துல சாட்சி?”

“ரெண்டு.”

“புது பேரு குடுத்தாங்களா?”

“குடுத்தாங்க.”

“இன்னா பேரு?”

சொன்னேன். அவனுக்கு இருமல் வந்து, குனிந்து, ஒரு பண்டிலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் குலுங்கினான். அழுகிறான் என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது முகத்தை ரொம்பக் கண்டிப்பாக வைத்திருந்தான்.

“முடிஞ்சுது பாய். நாளைக்கு ஞாயித்துக்கெழம. கோயிலுக்கு வெள்ளச் சட்டை போட்டுனு வந்துடு. நான் எடம் புடிச்சி வெக்கிறேன். பாட்டு தெரியலன்னா சும்மா வாயத் தெறந்து தெறந்து மூடு, யாரும் கண்டுக்க மாட்டாங்க.”

“அப்போ நிக்காஹ்?”

“அத மறுபடியும் கோயில்ல வெச்சி நடத்தணும். உன் சம்சாரம் ஒத்துக்குவாங்களா?”

பையிலிருந்த அட்டையைக் காட்டி, பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். அவனுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. தலைகீழாகப் பிடித்து நன்றாகப் பார்த்துவிட்டு, “இது கோயிலுக்குள்ள போற பாஸ். தொலைச்சிடாத” என்று திருப்பிக் கொடுத்தான். ஊரில் கூட்டெழுத்துப் படிக்கத் தெரிந்தவர் ஸ்டேஷன் மாஸ்டர். அவரிடம் காட்டினால் அடுத்த ரயில் வருவதற்குள் ஆம்பூர் முழுக்கத் தெரிந்துவிடும். அட்டையை மறுபடியும் பைக்குள் சொருகினேன்.

இனி ஒரே வழி, அந்தப் பன்னிரண்டு வார்த்தையையும் மறந்துவிடுவது. மறந்துவிட்டால் சொல்லாததுபோல ஆகிவிடும் அல்லவா? மறக்க முயன்றவனுக்குத்தான் தெரியும் அந்த அவஸ்தை. ஆறு வாரமாக அடித்து ஏற்றினாலும் ஏறாத வார்த்தைகள் இப்போது அட்டைப்பூச்சியாய் ஒட்டிக்கொண்டன. முதலாளி உட்கார்ந்தால், சேர். யாரோ கதவைத் தட்டினால், டோர். சுண்ணாம்புக் குழியை எட்டிப் பார்த்தால், வாட்டர். பேஜாராகி மேலே பார்த்தேன். உத்தரம். ஹெவன்!

ஞாயிற்றுக்கிழமை காலை மாதா கோயில் மணி அடித்தது. என்னைக் கேட்காமல் என் கால் அந்தப் பக்கம் கிளம்பிவிடுமோ என்று பயந்து, ஆவாரம்பட்டைக் கிடங்கில் மூட்டைகள் மேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டேன். மணி நின்ற பிறகுதான் காலை நீட்டினேன்.

தொழுகை வேளை வந்தால் மட்டும் பள்ளிவாசலுக்குப் போய்ச் செருப்புகளின் பக்கத்தில் நிற்பேன். உள்ளே போகவும் பயம், போகாமல் இருக்கவும் பயம். திங்கட்கிழமை லுஹர் தொழுகை முடிந்து ஹஜ்ரத் வெளியே வந்தார். என்னைவிட இரண்டு வயது சின்னவர். அன்றைக்குப் பல்வலி வேறு. கன்னத்தில் கிராம்பை அடக்கிக்கொண்டு ஒரு பக்கமாகப் பேசினார்.

“இன்னா பாய், மூணு நாளா செருப்புக்குக் காவல் நிக்கிறீங்க. ஜமாத்துல வேல போட்டுக் குடுத்தாங்களா?”

அழுதுவிட்டேன். சிரிப்பதற்கு ஊரைக் கூட்டுபவன், பத்து ஜோடிச் செருப்புக்கு நடுவில் நின்று அழுதேன். தண்ணீர், சாட்சி, புத்தகம், பெயர் எல்லாவற்றையும் சொன்னேன். நிக்காஹையும் சொன்னேன். அவர் கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

“அந்த கடைசி வாக்கியத்துக்கு இன்னா அர்த்தம்?”

“தெரியாது ஹஜ்ரத்.”

“தெரியாதா?”

“நெஞ்செரிச்சல் சம்பந்தமா ஏதோன்னு நெனச்சேன்.”

அவர் சிரிக்கப் பார்த்தார். பல் சுரீர் என்று இழுத்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பாதியில் நிறுத்தினார்.

“சித்தூர்க்காரர் வந்தாரே, சாட்சி யாரு?”

“நான்தான்.”

“கலிமா சொல்றதுக்கு முன்னாடி அவர் கிட்ட நாம இன்னா பண்ணோம்?”

யோசித்தேன். தெலுங்கு தெரிந்த ஒருவரை வரவழைத்து, ஒவ்வொரு வார்த்தைக்கும் அவருக்கு அர்த்தம் சொன்னோம். புரிந்ததா என்று கேட்டோம். மனசார வருகிறாயா, யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று மூன்று தடவை கேட்டோம். மூன்று தடவையும் அவர் சொன்ன பதிலைக் கேட்டுச் சாட்சி சொன்னவன் நான். தண்ணீரும் புத்தகமும் பெயரும் நினைவிருந்த எனக்கு, காரியமே அந்தக் கேள்விதான் என்பது மட்டும் மறந்துபோயிருந்தது.

“உங்கள யாராச்சும் கேட்டாங்களா?”

“இல்ல ஹஜ்ரத். டவல்தான் குடுத்தாங்க.”

“அப்போ ஒண்ணும் ஆவல. பாஷை கத்துக்குறதுக்கும் மார்க்கம் மாறுறதுக்கும் சம்பந்தமே இல்ல. போயி ஊட்ல உக்காந்து சாப்புடுங்க. அந்த அட்டையில இன்னா எழுதிக்குதுன்னு படிச்சவங்க யார்கிட்டயாவது காட்டிடுங்க, இல்லாட்டி அது வேற உங்களத் தூங்க விடாது.”

வீட்டுக்குப் பறந்தேன். இருமவில்லை. இரும வேண்டிய அவசியமும் இல்லை. வாசலில் ஜட்கா நின்றுகொண்டிருந்தது. குதிரைக்காரன் என் மனைவியின் டிரங்குப் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டிருந்தான். அவள் புர்காவைப் போட்டுக்கொண்டு படியில் நின்றாள்.

“எங்க?” என்றேன்.

“வாலாஜாபேட்டைக்கு. எங்கம்மா ஊட்டுக்கு.”

“இன்னாத்துக்கு?”

“நீங்க எந்த ஊர்க்காரியக் கட்டிக்கப் போறீங்களோ, அவ வந்து இருக்கட்டும். ராணிப்பேட்டையா, வாணியம்பாடியா?”

மூன்று நாளாக இல்லாத ஒரு முறிவுக்குப் பயந்து நான் பண்ணிய கூத்தில், நிஜ முறிவு வாசலில் குதிரை கட்டி நிற்கிறது.

“மூணு நாளா என் மூஞ்சிய நீங்க பாக்கல,” என்றாள். “பதினோரு வருஷமா கட்டினவள நீங்கன்னு கூப்புட்டா அதுக்கு இன்னா அர்த்தம்? மனசு வேற எங்கியோ போய்டுச்சு. அவ்ளோதான?”

“இல்ல, அல்லா மேல ஆணையா இல்ல. நான் வேற ஆளாயிட்டேன்னு நெனச்சேன்.”

“ஆயிட்டீங்களே!”

வாய்ப்பேச்சில் இது தீராது என்று தெரிந்து, பையிலிருந்த அட்டையை எடுத்து நீட்டினேன். அதைவிட முட்டாள்தனமான காரியம் என் ஜென்மத்தில் செய்ததில்லை. அவள் கண்ணில் முதலில் பட்டது பொன் நிறக் கூந்தலும் வெள்ளை உடுப்பும்.

“இவதானா?”

“அது ஏஞ்சல்!”

“பேரு வேற தெரியுதா!”

“வாத்தியாரம்மா குடுத்த அட்டை. திருப்பிப் பாரு, பின்னால ஏதோ எழுதியிருக்காங்க. நான் கிறிஸ்தவனாயிட்டேன், நம்ம நிக்காஹ் முறிஞ்சுபோச்சுன்னு பயந்துட்டேன். அதனாலதான் உன்னப் பாக்கல.” எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். தண்ணீர், டவல், மூட்டைமேல் உட்கார்ந்தது, ஹஜ்ரத்தின் பல்வலி வரைக்கும்.

அவள் அட்டையைத் திருப்பினாள். முகத்திரையைத் தூக்கிவிட்டு, எழுத்தின்மேல் விரலை வைத்து மெல்ல நகர்த்தினாள். உதடு அசைந்தது.

நான் என் மனைவியைப் பார்த்தேன். மூன்று நாளுக்குப் பிறகு நேராகப் பார்த்தேன்.

“உனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியுமா?”

“செவ்வாக்கெழம வர்ற அம்மா பின்னல் மட்டும்னா நெனச்சீங்க? மொதல்ல அர மணி நேரம் பின்னல், அப்பால எழுத்து. அந்தத் துரைசானியும் மாசத்துல ஒரு தபா வருவாங்க. இது அவங்க கையெழுத்துதான்.”

“சொல்லவே இல்லியே!”

“நீங்க குல்லாயப் பாத்துச் சிரிக்கவே நேரம் பத்தல. கேட்டாதான சொல்றதுக்கு?”

வண்டியில் ஏற்றியிருந்த பெட்டியைத் திறந்து, புடவைக்கு அடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்துப் பிரித்தாள். அட்டைகள். அதே அளவு, அதே கூட்டெழுத்து. ஏழு இருந்தன.

“அந்த பிலீவ் வாக்கியம்?” என்று கேட்டேன்.

“நோன்புக்கு முன்னாடியே சொல்லிட்டேன். ஆண்டவன நம்புறேன்னு அர்த்தம். நம்பாமயா இருக்கோம்?”

நான் போட்ட கணக்குப்படி பார்த்தால், என் நிக்காஹ் நோன்புக்கு முன்பே முறிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு அவள் கையால் எத்தனை நோன்புக் கஞ்சி குடித்திருக்கிறேன், பெருநாளன்று எத்தனை தட்டு பிரியாணி வாங்கி வாங்கித் தின்றிருக்கிறேன்! படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். குதிரைக்காரன், “சாயபு, வண்டி போவுதா இல்லியா?” என்று கேட்டான். அவள் பதில் சொல்லாமல் அட்டையை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினாள்.

நடந்தது இவ்வளவுதான். வண்டி போகவில்லை, பெட்டியை நானே இறக்கி உள்ளே வைத்தேன். நான் எந்த மார்க்கத்துக்கும் மாறவில்லை, என் நிக்காஹ் முறியவில்லை. அட்டையின் பின்னால் துரைசானி எழுதியிருந்தது: ‘மிஸ்டர் லெதர். பன்னிரண்டு வார்த்தை. பிலீவ் என்பதன் அர்த்தம் இன்னும் தெரியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை, சமையலறைச் சாமான்கள்.’